கொழுப்பைக் குறைத்தவர்

என் வீட்டுக்காரர் செருப்புக் கடையில் விற்பனையாளர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே கடை, அதே குட்டை முக்காலி. ஊரார் பாதத்தை மடியில் வைத்து ஷூ மாட்டிவிட்டே தலை நரைத்துவிட்டது. சாயங்காலம் வந்து வாங்குங்கள், அப்போதுதான் கால் லேசாக வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். வீட்டில் நான் வாயைத் திறந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

வேலைக்குப் போகும் எங்கள் மகள், கொழுப்பை அளக்கும் எடை மெஷின் ஒன்றை வாங்கித் தந்தாள். வெறுங்காலோடு ஏறி நின்றால் எடை, கொழுப்பு, தசை எல்லாம் போனில் வந்துவிடும். உங்கள் கொழுப்பை அளக்க மெஷின் எதற்கு, நான் இல்லையா என்று கேட்டேன். சிரித்தார். அன்றிலிருந்து பல் தேய்க்கிறாரோ இல்லையோ, காலையில் அதன்மேல் ஏறிவிடுவார்.

கொஞ்ச நாளில் எடை கூடியது. ஆனால் கொழுப்பு குறைந்து தசை ஏறுவதாக மெஷின் சொன்னது. கடைக்கு நடந்து போவதன் பலன் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார். ஆனால் மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். தனக்கென்று ஒரு அளவு பெரிய ஷூ எடுத்து வந்தார். கேட்டதற்கு, நாள் முழுக்க உழைத்தால் யாருக்கும் கால் வீங்கும், எனக்கே பாடம் எடுக்காதே என்றார். காலையில் எழும்போதே வீங்கியிருக்கிறதே என்றேன். ஷூ நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

ஒருநாள் கடையிலேயே மூச்சுத் திணறி விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவர் முதலில் நீட்டியது போனைத்தான். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது தசை இல்லைங்க, தண்ணி. இதயம் பலவீனமா இருக்கு, அதான் உடம்புல நீர் தேங்குது. மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது," என்றார். நீர் பிரிய மாத்திரை எழுதினார். அதை விட்டால் உயிருக்கே ஆபத்து என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் வீக்கம் வடிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் முகம்தான் தொங்கிப்போனது. தசை குறைகிறது, கொழுப்பு ஏறுகிறது என்று மெஷின் காட்டியது. மாத்திரை உடம்பை உருக்குகிறது என்று முனகினார். டாக்டரம்மா சொன்னதை நினைவூட்டினால், அந்தம்மா வாயால் சொல்கிறார், மெஷின் அளந்து சொல்கிறது என்பார். மெஷினைத் தூக்கி எறியப் போனேன். மகள் தந்தது என்று பிடுங்கிக்கொண்டார். மாத்திரையை நானே கையில் கொடுத்து, அவர் தண்ணீர் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

இன்று காலை அடுப்படியில் இருந்தபோது கூடத்திலிருந்து கூப்பிட்டார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம் கேட்டு நாளாகியிருந்தது.

"இங்க வந்து பாரேன். கொழுப்பு இறங்கிடுச்சு. தசை மறுபடியும் ஏறுது."

ஈரக் கையோடு ஓடினேன். போனை நீட்டினார். நான் அதைப் பார்க்கவில்லை. மெஷின்மேல் நின்றிருந்த கால்கள் இரண்டும் மறுபடி உப்பியிருந்தன.

"மாத்திரைய எங்க துப்புனீங்க?" என்று கேட்டேன்.