கொக்குக் கால்

தாய்நாயின் பெயரை எழுதி முடித்ததும் அதன் கீழே ஒரு புள்ளி வைப்பார். புள்ளியிலிருந்து மூன்று கோடுகள், அளவுகோல் இல்லாமல், ஒரே வீச்சில். ஏழு குட்டிகள் என்றாலும் முதலில் மூன்றுதான். மீதிக் கோடுகள் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மை காய ஊதுவார். கன்னம் உப்ப அவர் ஊதுவதைப் பார்த்தால் ஐம்பத்திரண்டு வயது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

உயர் ரக நாய்களுக்கு வம்சாவளிச் சான்றிதழ் தரும் சங்கத்தில் அவர் எழுத்தர். இரண்டாம் மாடியில் ஒற்றை ஜன்னல் அறை. கோந்தும் நாய்முடியும் கலந்த வாசனை. எந்த நாயின் கொள்ளுப்பாட்டியைக் கேட்டாலும் ஏட்டைப் புரட்டாமல் சொல்வார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் 'பரம்பரை சார்' என்று பெயர். அவர் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர் என்பது கூப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. அவரும் இதுவரை வாய் திறந்ததில்லை.

என்ன வேலை என்று கேட்டால், வம்சாவளிக்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டு, "பெடிகிரி எழுதுறேன்" என்பார். அங்கேதான் வம்பு. பக்கத்து வீட்டுக்காரர் அதை நாய்த்தீனி என்று எண்ணி, கம்பெனி விலைக்கு இரண்டு மூட்டை கிடைக்குமா என்றார். மளிகைக் கடைக்காரருக்கு வேறு சந்தேகம்: "அது எந்த காலேஜ்ல தர்ற டிகிரிங்க?" ஒரே ஒரு முறை கல்யாணப் பேச்சு வந்தது. பெண்ணின் மாமா தமாஷ் பேர்வழி. "டிகிரி கெடக்கட்டும் தம்பி, உங்க பெடிகிரி என்ன?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் கூடவே சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தச் சொல்லின் கதை அவருக்கு மனப்பாடம். வேலைக்குச் சேர்ந்த அன்றே அலுவலகத்தின் தடித்த அகராதியில் தேடிப் படித்தது. பழைய பிரெஞ்சு எழுத்தர்கள் வம்சம் எழுதும்போது, பெற்றவரிடமிருந்து பிள்ளைகளுக்கு மூன்று கோடு இழுப்பார்களாம். பார்க்கக் கொக்கின் பாதம் மாதிரி இருந்ததால் அதற்குக் கொக்குக் கால் என்றே பெயர். அது ஆங்கிலேயர் வாயில் அகப்பட்டு, அரைபட்டு, பெடிகிரி ஆனது. மனிதர்களிடமிருந்து குதிரைக்கும் நாய்க்கும் தாவி, கடைசியில் தீனிப் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சான்றிதழ் வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல அவருக்குக் கொள்ளை ஆசை. "இது நாய் வார்த்தையே இல்லீங்க, கொக்கு வார்த்தை" என்று ஆரம்பிப்பார். அதற்குள் நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும், சொந்தக்காரரும் பின்னாலேயே ஓடுவார். மிச்சக் கதையை ஜன்னலிடம் சொல்லி முடிப்பார்.

அவரிடம் ஒரு சிவப்புப் பேனா உண்டு. 'தெரியாது' என்று எழுத மட்டும். தகப்பன் நாயோ தாய்நாயோ தெரியாவிட்டால் சிவப்பில்தான் எழுத வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அந்தப் பேனாவைத் திறக்க அவருக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

போன வாரம் அந்த இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. இல்லத்தை மூடுகிறார்களாம். "உங்க ஃபைல் ஒண்ணு கெடக்கு சார். அனுப்பட்டுமா, கிழிச்சுடட்டுமா?" என்றாள் பேசிய பெண். அனுப்பச் சொன்னார். வந்த உறை நான்கு நாள் மேசை இழுப்பறையில் கிடந்தது. பிரிக்காதவரை அதற்குள் அம்மாவின் பெயர் இருக்கலாம். பிரித்துவிட்டால் அதுவும் போய்விடுமோ என்று பயம்.

நேற்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போனதும் பிரித்தார். ஒரே தாள். தாய்: தெரியாது. தகப்பன்: தெரியாது. இரண்டும் சிவப்பு மையில். அங்கேயும் அதே விதி போலிருக்கிறது. கீழே கறுப்பு மையில் இன்னொரு வரி: 'கொண்டுவந்து ஒப்படைத்தவர், பால் வண்டி ஓட்டுநர். குழந்தையைத் தன் சட்டையில் சுற்றி எடுத்து வந்தார். பால் கெட்டுவிடும் என்று, பெயர் கேட்பதற்குள் வெற்றுடம்போடு போய்விட்டார்.'

அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வந்தது சிரிப்பு. சிரிப்பு நின்ற பிறகுதான் மற்றது வந்தது. "பால் கெட்டுடும்னு ஓடிட்டாராம்" என்று ஜன்னலிடம் சொன்னார். வழக்கம்போல் அது கேட்டுக்கொண்டிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுதாத சான்றிதழ் ஒன்றை எடுத்தார். மேலே 'பால் வண்டி ஓட்டுநர்' என்று நிதானமாக எழுதினார். கீழே ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து மூன்று கோடுகள். நடுக் கோட்டின் முனையில் தன் பெயரை எழுதினார். மற்ற இரண்டு முனைகளையும் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, அவற்றை அப்படியே விட்டு, மை காய ஊதினார்.