மூச்சு 20

1987 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. காலை 8.00. வெப்பம் 101.4. நாடி 108. மூச்சு 20.

என் சொந்தக் குறிப்பேட்டில் இருப்பது இது. வார்டில் கட்டில் தலைமாட்டில் தொங்கிய தாளிலிருந்து அந்த வாரமே பிரதி எடுத்து வைத்தேன். மூன்று எண்களில் முதல் இரண்டையும் நான் அளந்தேன். மூன்றாவதை அளக்கவில்லை.

கல்வராயன் மலைமேல் ஆறு கட்டில் போட்ட ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் அப்போது நான் நர்ஸ். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். டாக்டர் புதன்கிழமை ஒரு கூட்டத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தார். மருந்து கொடுப்பவர் விடுப்பில் சொந்த ஊரில் இருந்தார். வியாழன் காலையிலிருந்து பஸ் வரவில்லை. அடிவாரத்தில் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருப்பதாக நடந்து ஏறி வந்தவர்கள் சொன்னார்கள். அந்த வியாழக்கிழமை முழுக்க நான் பேசிய வாக்கியங்களை எண்ணி எழுதி வைத்திருக்கிறேன்: பதினொன்று. எல்லாம் வாயைத் திற, கையை நீட்டு என்ற வகை.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வில் செய்தும் காட்டினேன். வேலைக்கு வந்த இடத்தில் யாரும் எண்ணவில்லை. வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் எல்லாத் தாளிலும் மூன்றாவது கட்டத்தில், நல்ல உடம்புக்கு உரிய 20 என்று போட்டுவிடுவோம். அதன் பிறகுதான் தெர்மாமீட்டரை உதறுவோம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மட்டும் டாக்டர் கேட்பார்.

அந்த வெள்ளிக்கிழமை வார்டில் ஒரே நோயாளி. சங்கராபுரம் பக்கத்திலிருந்து மரவள்ளிக்குக் களையெடுக்க வந்த கூலியாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இருமலும் காய்ச்சலுமாக முந்தின நாள் சேர்ந்தார். கூட அவர் மனைவி. எட்டு மணிக்கு வழக்கம்போல 20 போட்டேன், மற்ற இரண்டையும் அளந்தேன், காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன்.

ஒன்பது மணிக்கு அரசு ஜீப் ஒன்று வாசலில் நின்றது. கள்ளக்குறிச்சி வரை போக வழி விடுகிறார்களா என்று பார்க்கப் போவதாகச் சொன்ன டிரைவர், கீழே கொண்டுபோக வேண்டிய நோயாளி யாராவது உண்டா என்று கேட்டார். நான் உள்ளே போய்த் தாளைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை. யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு வெப்பம் 99.6. நாடி 116. மூச்சுக்கு 20. நாடி ஏறியிருப்பது கண்ணில் படாமல் இல்லை. காய்ச்சல் இறங்கிய திருப்தியில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேறிவிட்டார் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"காய்ச்சல் கம்மின்னு சொல்றீங்க. அப்புறம் இவரு ஏன் நர்சம்மா ஒரு பேச்ச மூணா ஒடச்சி ஒடச்சி பேசறாரு? வூட்ல இவரு வாயத் தொறந்தா மாடுகூட எழுந்து போயிடும், அந்த மாதிரி பேசிக்கினு இருக்கிற ஆளு."

அவர் சிரிக்கப் பார்த்தார். "இவ பேச்ச... நீங்க... கேக்காதீங்க" என்றார்.

நான் மணிக்கட்டைப் பிடித்தேன். என் கடிகாரத்தில் ஒரு நிமிடம் அவ்வளவு நீளமாக ஓடியது அதற்கு முன் இல்லை. நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். நாற்பத்து நான்கு. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. காலையிலும் அது இழுத்துக்கொண்டிருந்ததா என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு மணிக் கட்டத்தில் 20ஐ அடித்துவிட்டு 42 என்று எழுதினேன். எட்டு மணிக் கட்டத்தில் 20ஐ அடித்துவிட்டு எழுத என்னிடம் எண் இல்லை.

இருந்த பென்சிலின் ஊசியைப் போட்டேன். ஆக்சிஜன் அங்கே கிடையாது. ஜீப் போய் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருடன் களையெடுத்த ஆறு பேர் மூங்கிலில் டோலி கட்டி, முறை மாற்றித் தூக்கிக்கொண்டு ஒன்றே காலுக்குப் புறப்பட்டார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி மனைவியின் முந்தானையில் முடிந்து விட்டேன். அதில் எண்களை வரிசையாக எழுதினேன். எட்டு மணிக்கு எதிரே 20 என்றே எழுதினேன். கை அப்படித்தான் போனது.

அவர்கள் போன பிறகு ஆறு கட்டிலும் காலி.

தூக்கிப் போனவர்களில் இருவர் மட்டும் விட்டுப்போன களைக் கருவிகளை எடுத்துப்போக ஞாயிற்றுக்கிழமை ஏறி வந்தார்கள். அடிவாரத்தில் மறியலில் நின்றவர்களே டோலியை வாங்கி, சாய்ந்த மரத்தைத் தாண்டி மறுபக்கம் இறக்கிவிட்டார்களாம். கச்சிராயபாளையம் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அங்கிருந்தே அவருடைய ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். கடிதம் யார் கைக்கும் போகவில்லை.

24ஆம் தேதி, வியாழக்கிழமை, டாக்டர் வந்தார். தாளை எடுத்துப் பார்த்தார். "காலைல இருவது. மத்தியானம் நாப்பத்திரண்டு. திடீர்னு மோசமாயிருக்கு சிஸ்டர். நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றார். கையெழுத்துப் போட்டார். நான் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தேன். அன்று எழுதிய குறிப்பில் நிலையத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் பெய்த மழையும் மட்டும் இருக்கின்றன.

அதன் பிறகு முப்பது ஆண்டு வேலையில் ஒவ்வொரு மூச்சையும் முழு நிமிடம் எண்ணினேன். கூட வேலை செய்தவர்கள் என்னை ஒரு நிமிஷம் சிஸ்டர் என்று கேலி செய்தார்கள். காரணம் கேட்டவர் யாரும் இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த ஜீப்பைத் தேடினேன். அன்று அது மலைமேல் திரும்பிப் போனதா என்று நான் வாசலில் நின்று பார்க்கவில்லை. அது மரத்தைத் தாண்டிப் போயிருந்தால், அவரைப் பத்து மணி வாக்கில் கள்ளக்குறிச்சியில் சேர்த்திருக்கலாம். அது திரும்பி வந்திருந்தால், என் 20 அவருக்கு எதையும் மாற்றியிருக்காது. அந்த வாரத்துச் செய்தித்தாள்களை நூலகத்தில் புரட்டினேன். உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையைப் பற்றிப் பத்தி பத்தியாக இருக்கிறது. எங்கள் மலைச் சாலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்தவர், அரசு வண்டி என்பதால் திருப்பி அனுப்பினார்கள் என்றார். அந்த மறியலில் நின்ற ஒருவர், அன்று காலை மரம் பாதிதான் விழுந்திருந்தது, ஓரமாக ஒரு ஜீப் போனது என்றார். தேதி அவருக்கு நிச்சயமில்லை. டிரைவர் இறந்துவிட்டார். ஜீப் அன்று கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்ததா என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.