புத்தூர் வழியாகப் போன செய்தி

எனக்குப் பொறுமை கிடையாது. அந்தக் குணத்தால் ஒரு நாள் என் மனைவியைச் சாகக் கொடுத்திருப்பேன்.

போரால் தொலைபேசியும் மின்சாரமும் இல்லாமல் போயிருந்த தொண்ணூறுகளின் தொடக்கம். நிவாரண வேலை செய்த ஒரு அமைப்பு அனுமதி வாங்கி ஆறு இடங்களில் வயர்லெஸ் செற் வைத்திருந்தது. கார் பற்றரியில் ஓடும். சாவகச்சேரி செற் என் பொறுப்பு. ஆறுக்கும் ஒரே அலைவரிசை என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம்.

அன்று காலை பிள்ளை பிறந்த பின் மனைவிக்கு இரத்தம் நிற்கவில்லை. அவளுடைய வகை இரத்தம் ஆஸ்பத்திரியில் இல்லை. அதே வகை உள்ள அவள் தம்பி தொண்டைமானாற்றில் இருந்தான். மத்தியானத்துக்குள் ஆள் வரவேண்டும் என்றார் டொக்டர். என் செற் அவ்வளவு தூரம் எட்டாது. இடையில் இருந்த நாலு செற்றில் ஒன்று கேட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும்.

செய்தியைச் சொல்லிவிட்டு, "கேட்ட ஆக்கள் எல்லாரும் தொண்டைமானாத்துக்குச் சொல்லுங்கோ" என்று கத்தினேன். ஒரு வீட்டில் ஆபத்து என்றால் கேட்டவரெல்லாம் ஓடுவது எங்கள் வழக்கம். இங்கேயும் ஓடினார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசும் பொத்தானை அமத்த, இரைச்சல்தான் வந்தது. நான் மறுபடி கத்தினேன், அவர்கள் மறுபடி அமத்தினார்கள். மருந்து லொறியைப் பற்றிச் சொல்ல வந்த யாரோ ஒருவரின் குரலும் அதில் அமுங்கிப் போனது. கால் மணித்தியாலம் வீண்.

புத்தூர் செற்றில் ஒரு பெண் இருந்தாள். இழுத்து இழுத்துப் பேசுவாள். "கதைக்கிறியளோ, தேவாரம் படிக்கிறியளோ" என்று நான் ஒருமுறை அவளை ஏசியிருக்கிறேன். இரைச்சல் ஓய்ந்த ஒரு நொடியில் அவள் புகுந்தாள்.

"எல்லாரும் கையை எடுங்கோ. அண்ணை, நீங்களும்தான்."

எடுத்தோம். யாருக்கு யார் கேட்கிறது என்று ஒவ்வொருவராக விசாரித்தாள். கொடிகாமத்துக்காரரின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல எனக்குக் கேட்டது, அவரே சொல்லட்டும் என்றேன். அவருக்குத் தொண்டைமானாறு கேட்காது என்றாள். அச்சுவேலிக்குத் தொண்டைமானாறு நன்றாகக் கேட்டது, நான் பேசுவது பாதிதான் விளங்கியது. நெல்லியடியிலும் அதே கதை. ஒரு பக்கம் எவ்வளவு தெளிவாக இருந்தென்ன, மற்றப் பக்கம் கேட்கிற அளவுக்குத்தானே செய்தி போகும்?

"எனக்கு ரண்டு பக்கமும் ஓரளவு கேக்குது. நான் ஒராள் சொன்னாக் காணும், மற்ற ஆக்கள் பேசாமல் இருங்கோ."

அதே இழுத்த குரலில் இரண்டு தரம் சொன்னாள். தொண்டைமானாற்றில் முதல் தரமே விளங்கிவிட்டது. அலைவரிசை சும்மா கிடந்ததால் லொறிச் செய்தியும் பின்னாலேயே போனது.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளில் மச்சான் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தான். மனைவி பிழைத்தாள்.

அடுத்த கிழமை புத்தூருக்குப் போனேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. பற்றரிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு நின்றேன்.

"நன்றி சொல்ல வந்தனீங்களோ, சண்டை பிடிக்க வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"ரண்டுக்கும்" என்றேன்.

அவளுக்கு நான் பட்ட கடன் பெரிது. பேசாமல் இருந்த மற்ற மூவரையும் மறக்கமாட்டேன். உதவத் துடிக்கும்போது பொத்தானிலிருந்து கையை எடுப்பது லேசில்லை. என்னால் அன்று அதை நானாகச் செய்ய முடியவில்லை.