ரசமட்டத்தின் முழங்கால்

தரைக்கு டைல்ஸ் ஒட்டும் அவரை எல்லோரும், மட்டம் பார்க்கும் கருவியின் பேரால், ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் கண் முதலில் தரைக்குத்தான் போகும். "கல்யாணத்தன்னிக்குக்கூட என் மூஞ்சியைப் பாக்கல, தரையைத்தான் பார்த்தாரு" என்று மனைவி கேலி செய்வாள். அவள் அண்ணன்தான் அவருக்கு வேலையில் கூட்டாளி. காலையிலிருந்து சாயங்காலம் வரை இருவரும் மண்டிபோட்டபடியேதான் இருப்பார்கள்.

ஒருநாள் டைல்ஸ் பெட்டியோடு மாடிப்படி ஏறும்போது ஈர சிமெண்டில் ஒரு கால் வழுக்கியது. மறுகாலின் பாதம் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம்.

"ஜவ்வு அறுந்துபோச்சு. எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பும் கிழிஞ்சிருக்கு" என்றார் டாக்டர்.

தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்துப் புது ஜவ்வு வைத்தார்கள். கிழிந்த குருத்தெலும்பைத் தைத்தார்கள்.

"தையல் கூடுற வரைக்கும் குத்தவைக்கக் கூடாது, மண்டிபோடக் கூடாது."

"அப்ப நான் என்னதான் பண்றது டாக்டர்?"

"முதல்ல நடக்கப் பழகுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். ஊன்றுகோலை விட்டார். வேறு ஆளைச் சேர்க்காமல் மச்சான் காத்திருந்தார்.

மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு காலையில், குளியலறையில் மகள் வழுக்கி விழுந்து வீறிட்டாள். ஓடிப்போய்ச் சட்டென்று குந்தி அவளைத் தூக்கினார். அவளுக்கு மோவாயில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவரால்தான் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது.

தையல் பிய்ந்துவிட்டது. மறுபடி தைக்க வழியில்லாமல் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். "நடக்கலாம். டைல்ஸ் வேலையை மட்டும் மறந்துடுங்க" என்றார் டாக்டர்.

மச்சான் வந்தார். "வேற ஆள் சேத்துக்கிட்டேன் மாப்ள" என்றார்.

"நல்லதுதான் மச்சான். ஒத்த ஆளா எவ்வளவு நாள்தான் இழுப்பீங்க?"

மச்சான் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மகள்தான் மெல்லக் கேட்டாள்.

"என்னாலதானேப்பா?"

"இல்லடா கண்ணு. அது ஏற்கெனவே கெட்டுப்போன காலு."

அவள் நம்பவில்லை.

இப்போது ஒரு அலுவலக வாசலில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் மகளின் முழங்கையில் காய்ந்த ரத்தம் இருந்ததைப் பார்த்துப் பதறினார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"காலையில குளியலறையில விழுந்துட்டேன்."

"நான் வீட்லதானே இருந்தேன்? ஏன் கூப்பிடல?"

அவள் பார்வை அவர் முழங்காலுக்குப் போனது.