பஹாயா என்ற சொல்லும் ரெஜினா அக்காவும்

பாயான் பாரு பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது ரெஜினா அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி. காலையிலதான் கஞ்சி கேட்டாங்க…" என்ன வாங்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

ஜுருவில் எங்கள் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் அக்கா பாதுகாப்பு மேற்பார்வையாளர். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு அவர் வாய் தெரியும். செருப்போடு உள்ளே வந்த மேனேஜரையே, "கால் உங்களுது, அடிபட்டா கேஸ் என்னுது லா. பூட்ஸ் போட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியவர்.

சென்ற ஆண்டு அமோனியா குழாய் வெடித்தபோது, "பஹாயா! பஹாயா!" என்று கத்தியது அவர்தான். ஆபத்தென்றால் இங்கே எல்லார் வாயிலும் முதலில் வருவது அந்த மலாய்ச் சொல். நாங்கள் ஓடினோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த செல்வம் ஓடவில்லை. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, மீன் பெட்டியும் கையுமாக நின்றிருக்கிறார். ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு அக்கா உள்ளே போனார். செல்வத்தை வாசல்வரை இழுத்து வந்து வெளியே தள்ளிவிட்டு, தான் அங்கேயே விழுந்தார். செல்வம் பிழைத்தார். அக்காவின் நுரையீரல் தேறவே இல்லை.

தொழிற்சாலையின் மலாய் அறிவிப்புகளை எழுதுவது என் வேலை. மருத்துவமனையில் ஒருநாள் அக்கா என்னிடம் கேட்டார்: "இந்த பஹாயா எங்கேருந்து வந்துச்சு?"

"வடமொழியிலேருந்துக்கா. 'பய'ங்கிற சொல்லு. மலாய்க்குப் போய் பஹாயா ஆயிடுச்சு, ஆபத்துன்னு அர்த்தம். நம்மகிட்ட பயம்னு இருக்கு."

ஆக்சிஜன் முகமூடியை இழுத்துக் கீழே தள்ளினார். "நம்ம பயம்தானா? அப்ப அவனுக்குத் தெரிஞ்ச வார்த்தையத்தானே கத்தியிருக்கேன். ஏன் அவனுக்கு விளங்கல?"

அவர் அழுதார். அழுவதற்குக்கூட மூச்சு போதவில்லை.

போன வாரம் என் கைப்பேசியைக் கேட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்கும்படி, "ஓடுங்க" என்று தன் குரலில் பதிவு செய்ய வேண்டுமாம். "ஓ" என்று தொடங்கினார். இருமல் வந்து மிச்சத்தை விழுங்கிவிட்டது. மறுபடியும் முயன்றார். மறுபடியும். கடைசியில், நாளைக்குப் பார்க்கலாம் என்று கையால் காட்டினார்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்தப் பதிவுதான். அதில் சொல் இல்லை. மூச்சுக்குப் போராடும் ஓசை மட்டும் இருக்கிறது. அதை யாருக்கும் போட்டுக் காட்ட முடியாது. என்னால் அழிக்கவும் முடியவில்லை.