தரையில் படாத கால்

"உலகத்தைச் சுத்தி வந்தப்புறம்தான் இந்தக் கால் தரையில படும். அதுவரைக்கும் படாது. எழுதி வெச்சுக்கோங்க!"

இந்த வீர வசனம் முழங்கியது ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் பணி ஓய்வு விழாவில். முழங்கியவர் மெக்கானிக்கேதான். வந்திருந்த ஏழெட்டுப் பேர் கையிலும் கேக் இருந்ததால் யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆயுள் முழுக்க மேலேயும் கீழேயுமாகவே போய்வந்த மனிதர், பக்கவாட்டிலும் கொஞ்சம் போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். அதில் என்ன தப்பு?

சொன்னபடியே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியோடு ஒரு பாய்மரப் படகில் குடியேறினார். முப்பத்தெட்டு அடி நீளம். தூரப் பயணத்துக்கென்றே வசதியாகக் கட்டிய படகு. அகலமான கட்டில், அலையில் புத்தகம் சரியாதபடி கம்பி வைத்த அலமாரி, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் சாயாமல் நிற்கும் அடுப்பு என்று சகல சௌகரியமும் உண்டு. ஒரே ஒரு குறைதான். படகு தண்ணீரில் இல்லை. கடலோரப் படகுப் பட்டறை ஒன்றில், சரளைக்கல் தரைக்கு மேலே, இரும்பு முட்டுகளின் தயவில் நின்றுகொண்டிருந்தது. பாவம், அந்த அடுப்புக்குத் தன் திறமையைக் காட்ட வாய்ப்பே வரவில்லை.

"சின்னச் சின்ன வேலைதான். முடிஞ்சதும் இறக்கிடலாம்" என்றார் மெக்கானிக். நாலு மழைக்காலம் போயிற்று. கசிவை அடைத்தால் ஜன்னல் சின்னதாகத் தெரிந்தது. ஜன்னலை மாற்றினால் மெத்தை உறுத்தியது. மெத்தையை மாற்றினால் கசிவு திரும்பி வந்து நலம் விசாரித்தது.

சபதத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. படகின் கழிப்பறை கடல்நீரை உறிஞ்சித்தான் வேலை செய்யும் என்பதால், பட்டறையின் கோடியிலிருந்த கழிப்பறைக்கு இறங்கித்தான் போகவேண்டும். அதற்காகப் படகில் சாத்தியிருந்த ஏணியின் கடைசிப் படியில் ஒரு ஜோடி செருப்பை மாட்டி வைத்திருந்தார். "தரையில படறது செருப்பு. கால் படலையே!" என்பது அவருடைய சட்ட விளக்கம்.

"என்ன கேப்டன், இன்னிக்கு எந்த சமுத்திரம் தாண்டியாச்சு?" என்று பட்டறைக் காவலாளி தினமும் கேட்பார். கேப்டன் செருப்பு தேய நடந்து போவார்.

தாண்டியது உண்மையில் அவர் மனைவிதான். குடிநீர், காய்கறி, துவைத்த துணி எல்லாம் அவளோடு சேர்ந்துதான் ஏணி ஏறின. ஒரு நாள் காலை, வாளியோடு பாதி ஏணி ஏறியவள் முழங்கால் வலியில் அப்படியே நின்றாள். பிறகு இறங்கி, வாளியை வைத்துவிட்டு, படகின் வயிற்றுக்குக் கீழே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள்.

"அக்கா வீட்ல கீழ் ரூம் காலியாத்தான் இருக்கு. நாளைக்கு நான் போறேன். நீங்க வந்தா வாங்க."

"என்னம்மா நீ? இன்னும் ஒரே வாரம்…"

"அந்த வாரத்தை எனக்கு நல்லாத் தெரியும்."

சண்டையாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள். அதற்கு அவரிடம் மருந்து இல்லை. அதனால் தெரிந்த மருந்தையே எடுத்தார். பிரச்சினை முழங்கால். முழங்காலுக்குப் பிரச்சினை ஏணி. ஏணிக்கு மாற்று லிஃப்ட். இவள் போய்விடாமல் இருக்க இது போதாதா?

மத்தியானத்துக்குள் லிஃப்ட் தயார். பாய்மரத்தின் உச்சிக் கப்பி வழியாகக் கயிறு, கயிற்றின் ஒரு முனையில் கித்தான் இருக்கை, மறுமுனை மேல்தளத்தில், பாயை இழுக்கக் கைப்பிடி போட்டுச் சுற்றும் உருளையான விஞ்சில்.

"விழுந்தேன்னு வைங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்றபடி அவள் உட்கார்ந்தாள்.

அவர் விஞ்சைச் சுற்றினார். அவள் எழும்பினாள். பாதி உயரத்தில் கயிற்றின் மேல் கயிறு ஏறி விஞ்ச் இறுகிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. அஞ்சே நிமிஷம்."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவரிடம் மெக்கானிக் சொல்லவேண்டிய முதல் வாக்கியம் இதுதான். அரை மணி ஆனாலும் அஞ்சு நிமிஷம்; அரை நாள் ஆனாலும் அஞ்சு நிமிஷம். உள்ளே இருப்பவர் பதறக்கூடாது என்பது தொழில் தர்மம். அதை இவரைப் போல உருக்கமாகச் சொல்ல கம்பெனியில் ஆளே இல்லை.

காவலாளி வந்து அண்ணாந்து பார்த்தார். "அக்கா, எந்த மாடி?"

"இவர் இல்லாத மாடி!"

காவலாளி கமுக்கமாக நழுவினார். மெக்கானிக் இன்னொரு கயிறு கட்டிப் பாரத்தை அடுத்த விஞ்சுக்கு மாற்றத் தொடங்கினார். அவள் லேசாகச் சுழன்றபடியே கேட்டாள்.

"ஏங்க, மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசற மாதிரியேதான் இத்தனை நாளா எங்கிட்டயும் பேசிட்டிருந்தீங்களா?"

அவர் முடிச்சைப் பார்த்தார்.

"இந்தப் படகு கிளம்புமா? அஞ்சு நிமிஷம்னு சொல்லாம சொல்லுங்க."

"தண்ணில இறக்கிட்டா…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இறக்கிட்டா அப்புறம் கிளம்பணும்லம்மா."

"அதுக்குத்தானே இறக்கறது?"

"அதான் பயமா இருக்கு."

அவள் அரைச்சுற்று அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். "இதை முதல் வருஷமே சொல்லித் தொலைச்சிருக்கலாம். அந்த மெத்தைக்கு மூணு உறை தைச்சேன்."

சிக்கியிருந்த கயிறு விடுபட்டது. இனி மேலேயும் ஏற்றலாம், கீழேயும் இறக்கலாம். அவர் கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல மெல்லத் தளர்த்தினார். அவள் கால் சரளையில் ஊன்றியது. இருக்கையிலிருந்து விடுபட்டு மரப்பெட்டியில் போய் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

அவர் ஏணியில் இறங்கி வந்தார். செருப்பு கடைசிப் படியில் மாட்டியபடியே இருந்தது. சரளை குத்தக் குத்த நடந்து வந்து பெட்டியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அக்கா வீட்ல ரெண்டு பேருக்கு இடம் இருக்குமா?"

"கட்டில் சின்னது."

"பரவால்ல. நான் தரையில படுத்துக்கறேன்."