பின்பக்கப் படிக்கட்டு

பூகோளம் நடத்திய அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘நடுக்கம்’. நிலநடுக்கத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் வந்த பெயர். “அடுத்த பீரியட் யாருடி? நடுக்கமா?” என்று வராந்தாவில் குரல் கேட்கும். அவள் காதில் விழாததுபோல வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வகுப்புக்குள் நுழைவாள்.

அந்தப் பொறுப்பு அவள் தேடிப்போய் வாங்கியதல்ல. ஆறு வருடங்களுக்கு முன் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் பேரிடர்ப் பயிற்சிக்கென்று ஓர் ஆசிரியர் வேண்டுமாம். தலைமையாசிரியர் அதைப் படித்து முடித்ததும் கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் திடீரென்று தரையில் ஏதோ சுவாரசியம் தட்டுப்பட்டது. கணக்கு வாத்தியார் மட்டும் தலையைத் தூக்கி, “பூமி ஆடினா அது பூகோளத்துலதானே சார் வரும்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அறையில் பணி நிரந்தரம் ஆகாதவள் அவள் ஒருத்திதான். சிரிப்பு அடங்கியபோது பொறுப்பு அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஏறியதை அவள் ஏனோதானோவென்று சுமக்கவில்லை. ஆட்டம் தொடங்கினால் பெஞ்சுக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றதும் முன்னால் இருப்பவள் தோளில் கை வைத்து வரிசையாக நடக்க வேண்டும்; ஓடவோ தள்ளவோ கூடாது. எங்காவது மாட்டிக்கொண்டால் கத்தித் தொண்டையை வீணாக்காமல் மூன்று முறை தட்டி, நிறுத்தி, காது கொடுக்க வேண்டும். இதையெல்லாம் வாரம் ஒருமுறை செய்ய வைத்தாள். பிள்ளைகளைக் கொண்டே பெரிய அட்டையில் பள்ளியின் வரைபடம் போட்டு வகுப்புக் கதவருகே ஒட்டினாள். முன்பக்கப் படிக்கட்டுக்கு நீல அம்பு. பின்பக்கப் படிக்கட்டுக்குப் பச்சை அம்பு.

பச்சை அம்பில்தான் வில்லங்கம்; பயிற்சியின்போது அந்தப் பக்கம் அவள் யாரையும் இறக்கியதே இல்லை. பின்பக்கப் படிக்கட்டின் அடியில் இருந்த கம்பிக் கதவு வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அவள் அங்கே வேலைக்கு வருமுன், அந்த வழியாக வகுப்புக்கு மட்டம் போட்டு ஓடிய மாணவி ஒருத்தி, சாலையைக் கடக்கையில் லாரியில் அடிபட்டு இறந்துபோனாள். மறுநாள் தலைமையாசிரியர் தன் கையாலேயே பூட்டுப் போட்டார். கதவுக்கு வெளியே இருந்த குறுகலான நடையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்க ஆரம்பித்தார்கள். அவை கூரைவரை ஏறிவிட்டன.

டீச்சர் கேட்காமல் இல்லை. “சார், அந்தக் கதவு...”

“டீச்சர், அந்தப் பொண்ணோட அம்மா என் மேஜை முன்னாடி உக்காந்து அழுதது உங்களுக்குத் தெரியாது. இன்னொரு தடவை என்னால அதைப் பாக்க முடியாது. ஆபத்துன்னு வந்தா நானே ஓடி வந்து திறக்கிறேன், போதுமா?”

அவர் கெட்டவர் அல்ல. அதனாலேயே அவரோடு மல்லுக்கு நிற்க முடியவில்லை. ஆண்டுக்கொருமுறை ஒரு படிவம் வரும். ‘இரு வெளியேறும் வழிகளும் தடையின்றி உள்ளன’ என்ற வரிக்கு எதிரே பொறுப்பாசிரியர் கையெழுத்திட வேண்டும். முதல் வருடம் பேனாவை எடுத்து வெகுநேரம் வைத்திருந்தாள். கணவனை விட்டு வந்து, மகளோடு அண்ணன் வீட்டின் முன்னறையில் இருந்தாள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைதான். ராத்திரி மகள் இருமினால்கூட அண்ணி உச்சுக்கொட்டுவது கேட்கும். பணி நிரந்தரமானால் தனி வீடு பார்க்கலாம். அந்த ஆணைக்குப் பரிந்துரை எழுத வேண்டியவர் தலைமையாசிரியர். அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் வருடம் அத்தனை நேரம் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குவதால் தோழிகள் அவளைக் ‘கேள்விக்குறி’ என்பார்கள். அவள் ஒருநாள் எழுந்து, “டீச்சர், பச்சை அம்புல போனா கீழ கதவு திறந்திருக்குமா?” என்று கேட்டாள்.

“திறந்திருக்கும். உக்காரு” என்றாள் டீச்சர்.

அது நடந்து மூன்று மாதம் கழித்து ஒரு முற்பகல். வகுப்பில் பாதிப் பேர் விளையாட்டுத் தேர்வுக்கு மைதானம் போயிருந்தார்கள். இரண்டாம் மாடியில் பத்தொன்பது பேர் மீதி. டீச்சர் கரும்பலகையில் நதியின் கழிமுகத்தை வரைந்துகொண்டிருந்தாள். மேஜைமேல் இருந்த சாக்பீஸ் டப்பா தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது, பூமியின் அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல.

“பெஞ்சுக்கு அடியில!”

சொல்லி முடிக்குமுன் பத்தொன்பது பேரும் அடியில் இருந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. விசிறி ஒன்று கழன்று காலியான பெஞ்சுமேல் விழுந்தது. ஆட்டம் நின்றதும் பிள்ளைகள் வெளியே வந்து தோளில் கை வைத்து வரிசை கட்டினார்கள். ஒருத்திகூடத் தள்ளவில்லை. வராந்தாவுக்கு வந்து பார்த்தால் முன்பக்கப் படிக்கட்டு இருந்த இடத்தில் புழுதியும் தொங்கும் கம்பிகளும்தான்.

வரிசையில் முதலாவதாக நின்ற கேள்விக்குறி ஒரு கணமும் யோசிக்கவில்லை. “பச்சை அம்பு! எல்லாரும் திரும்புங்கடி!” என்றாள். வரிசை அப்படியே திரும்பிப் பின்பக்கம் நடந்தது. டீச்சர் நிறுத்தச் சொல்ல வாயெடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கூரையிலிருந்து காரைத் துண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அங்கே நிற்கவும் முடியாது. தலைமையாசிரியர் ஓடி வந்து திறந்திருப்பார் என்று அந்த நிமிடம் அவள் நிஜமாகவே நம்பினாள். கடைசி ஆளாக அவளும் இறங்கினாள்.

பாதி இறங்கும்போது இரண்டாவது முறை ஆடியது. தலைக்குமேல் சுவர் சரிந்து, அவர்கள் வந்த வழியை அடைத்துக்கொண்டது. புழுதி அடங்கியபோது மேலே செங்கல் குவியல், கீழே கம்பிக் கதவு, அதற்கப்பால் இருட்டில் பெஞ்சுக் கால்கள். சுவரின் உச்சியில் கையகலத்துக்கு இரண்டு காற்றுத் துளைகள். வெளிச்சம் அவ்வளவுதான்.

கீழிருந்து கேள்விக்குறியின் குரல் வந்தது. “டீச்சர், பூட்டியிருக்கு.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

டீச்சர் முதலில் தலைகளை எண்ணினாள். பத்தொன்பது. எல்லாரிலும் சின்னவளான ‘குண்டூசி’க்குக் கை உடைந்திருந்தது. இரண்டு பேரின் டையைக் கழற்றி அவள் கையைக் கழுத்தோடு கட்டினாள். அதை முடித்த பிறகு தள்ளிப்போட வேறு வேலை மிஞ்சவில்லை. படியில் உட்கார்ந்து சொன்னாள்.

“இந்தக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்ல. திறந்திருக்கும்னு உங்ககிட்ட சொன்னது பொய். ஒவ்வொரு வருஷமும் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வேலை போயிடுமோன்னு பயம்.”

யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். கேள்விக்குறி கதவுப் பக்கமாகத் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சுவரோரமாகத் தண்ணீர்க் குழாய் ஒன்று மேலிருந்து கீழே போனது. டீச்சர் ஒரு செங்கல் துண்டை எடுத்து அதில் மூன்று முறை தட்டினாள். நிறுத்தினாள். காது கொடுத்தாள். பதில் இல்லை. ஆளுக்கு இருபது தடவை என்று முறை வைத்துத் தட்டச் சொன்னாள். வியர்வையும் புழுதியுமாகக் காற்று கனத்தது. முட்டிகள் முட்டிக்கொண்டன, காலை நீட்ட இடமில்லை. நேரம் போகப் போக ஒருத்தி காதோடு, “டீச்சர், அவசரமா வருது” என்றாள்.

“அந்த மூலைக்குப் போ. மத்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் திரும்புங்க. நான் சத்தமா விட்ட இடத்துலேருந்து பாடம் நடத்துறேன். நதியானது கழிமுகத்தை அடையும்போது...”

“ஐயோ, நதி வேண்டாம் டீச்சர்!” என்று குண்டூசி கத்த, அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பு இரண்டு பேருக்கு அழுகையாக மாறி முடிந்தது.

டீச்சரின் மகள் இரண்டு தெரு தள்ளி ஆரம்பப் பள்ளியில் படித்தாள். அந்தக் கட்டடம் நிற்கிறதா? இதை நினைத்தபோதெல்லாம் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவதுபோல இருந்தது. எழுந்து கம்பியைப் பிடித்து உலுக்கி அலற வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

தட்டும் முறை கேள்விக்குறிக்கு வந்தது. கல்லை வாங்கிக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள். “வேற என்னென்ன பொய் சொன்னீங்க?”

டீச்சர் யோசித்தாள். “மூணு தட்டு தட்டினா கேக்கும்னு சொன்னேன். அது பொய் இல்ல. ஆனா வெளியே கேக்க ஆள் இருக்காங்களான்னு எனக்குத் தெரியாது.”

அந்தப் பெண் தட்ட ஆரம்பித்தாள். இருபதோடு நிறுத்தவில்லை.

காற்றுத் துளையின் வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நகர்ந்திருந்தபோது குழாயில் மூன்று தட்டு கேட்டது. இவர்கள் தட்டியதல்ல. பத்தொன்பது பேரும் மூச்சை அடக்கினார்கள். மறுபடியும் மூன்று. பிறகு பெஞ்சுகளை இழுக்கும் ஓசை வெகுதூரத்தில் தொடங்கி, வெகுநேரம் எடுத்து, பக்கத்தில் வந்தது. கடைசிப் பெஞ்சு நகர்ந்ததும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த முகம் தலைமையாசிரியருடையது. சட்டை கிழிந்து, தலைமுடியெல்லாம் வெள்ளைப் புழுதி. கையில் சாவி.

பூட்டு துருவேறி இறுகியிருந்தது. “திரும்ப மாட்டேங்குதும்மா... திரும்ப மாட்டேங்குது” என்று கம்பியில் நெற்றியை வைத்து அழுதார். தீயணைப்பு ஆட்கள் அவரை ஒதுக்கிவிட்டுக் கம்பியை அறுத்தார்கள். பெஞ்சுகளுக்கு இடையே குடைந்த பொந்து வழியாகப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊர்ந்து போனார்கள். டீச்சர் கடைசி.

வெளியே அண்ணி செருப்பில்லாத காலோடு நின்றாள். இடுப்பில், இறக்கிவிட மனமில்லாதவள்போல, ஏழு வயது மகள். “அஞ்சு மணி நேரமா எங்கடி இருந்த நீ?” என்று கேட்டபடியே அண்ணி அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். படிவங்களை அவள் முன் பரப்பி, “இது உங்க கையெழுத்தா?” என்றார்கள்.

“ஆமா. ஆறும் என்னுதுதான். ஆறும் பொய்.”

“தலைமையாசிரியர் கட்டாயப்படுத்தினாரா?”

பக்கத்து நாற்காலியில் அவர் குனிந்திருந்தார். ஆமாம் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். “போடுங்கன்னு அவர் வாய்விட்டுச் சொன்னதில்ல. போடமாட்டேன்னு நானும் சொன்னதில்ல” என்றாள்.

அவர் விருப்ப ஓய்வில் போனார். அவளுடைய நிரந்தரப் பணிக் கோப்பு மூடப்பட்டது. கேள்விக்குறியை வீட்டார் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். போகும்போது அவள் சொல்லிக்கொள்ளவில்லை. டீச்சர் அதைக் குறையாக நினைக்கவும் இல்லை.

ஆனால் அந்தப் பத்தொன்பது பேரும் உயிரோடு வந்ததை அலுவலகத்தில் யாரோ கவனித்திருக்கிறார்கள். பள்ளி பள்ளியாகப் போய்ப் பேரிடர்ப் பயிற்சி கொடுக்க வருட ஒப்பந்தத்தில் அவளை அமர்த்தினார்கள். இன்றும் அதே முன்னறை, அதே திரை. குளிக்கும்போது தாழ் போட அவளால் முடிவதில்லை. மகள் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். போகிற பள்ளியில் முதல் வேலையாக ஒவ்வொரு கதவையும் தன் கையால் தள்ளிப் பார்ப்பாள். பூட்டியிருந்தால் பிள்ளைகள் முன்னாலேயே, “இது பூட்டியிருக்கு. இன்னைக்கு இது வழி இல்ல” என்று சொல்வாள். தலைமையாசிரியர்களுக்கு முகம் சுண்டும்.

சென்ற மாதம் ஒரு புதுப் பள்ளி. ஜன்னலெல்லாம் கம்பி போட்ட வகுப்பறை, நாற்பது பிள்ளைகள். வாசற்படிவரை போனவளுக்கு அதற்குமேல் கால் எழவில்லை. “எல்லாரும் வெளிய வாங்க, மரத்தடியில உக்காந்து படிக்கலாம்” என்றாள். பிள்ளைகள் ஆரவாரமாக ஓடி வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்த அலுவலர் தன் குறிப்பேட்டில் ‘திறந்தவெளிக் கற்பித்தல், பாராட்டத்தக்க புது முயற்சி’ என்று எழுதிக்கொண்டார். அவள் அவரைத் திருத்தவில்லை. முன் வரிசையில் இருந்தவர்களைத் தன்னைவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள்.